ஓலையில் ஒரு வார்த்தை

முப்பது வருஷம் எங்கள் ஊர் மாதா கோயிலில், சாமியாருக்கு உதவியாக, உபதேசியாராக இருந்திருக்கிறேன். ஓலை வாசிக்கும்போது பெண்ணைப் பெற்றவளே எழுந்து தடை சொன்னது ஒரே ஒரு முறைதான். அதற்குக் காரணம் நான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைப் பெற்றோர் பெயரோடு வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். அதைத்தான் எங்கள் பக்கம் ஓலை என்போம். அந்த ஓலையை எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுபத்தாறாம் வருஷம், மாதா திருநாள் கொடி இறங்கிய மறு ஞாயிறு, மெற்றில்டாவுக்கும் ஒரு மணப்பாட்டுப் பையனுக்கும் முதல் ஓலை. 'காலஞ்சென்ற பஸ்தியான் பர்னாந்துவின் மகள்' என்று எழுதி வைத்தேன். சாமியாரும் அப்படியே வாசித்துவிட்டு, தடை உண்டா என்று வழக்கம்போலக் கேட்டார்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் மெற்றில்டாவின் அம்மா இஞ்ஞாசியம்மாள் எழுந்தாள்.

"எனக்கு ஒரு தடை இருக்கு சாமி. அவுக காலஞ்செல்லல."

சிரிக்கக் கூடாத இடத்தில் நாலு பேர் சிரித்தார்கள். மெற்றில்டா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

பஸ்தியான் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். அறுபத்துநாலு டிசம்பர்ப் புயலில் அவன் போன தோணி திரும்பவில்லை. உடல் ஒதுங்கவில்லை, பலகை ஒதுங்கவில்லை. அதே தோணியில் போன மற்றவர்களின் வீடுகளில் அழுது தீர்த்து, நாற்பத்தோராம் நாள் பூசை வைத்து, தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். இஞ்ஞாசி மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். கருவாடு அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். கலர்ச் சேலைதான் கட்டினாள். 'கொழும்பில் எவளோடாவது குடித்தனம் நடத்துவான்' என்று யாராவது வாய்விட்டால், "நடத்தட்டும். உசிரோட இருந்தாச் சரி" என்பாள்.

அவள் வீட்டில் மாலை விளக்கேற்றியதும் செபமாலை. அது முடிந்ததும் இரண்டு பரலோக மந்திரம் தனியாக உண்டு, எங்கள் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒன்று கடலுக்குப் போனவர்களுக்கு, ஒன்று உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கு, அதாவது செத்த பிறகு மோட்சம் சேருமுன் நெருப்பில் கிடந்து பாவம் தீர்க்கிறவர்களுக்கு. பஸ்தியானின் பெயரை அவள் பதினோரு வருஷமும் முதலாவதில்தான் சொன்னாள். என் வீடு அடுத்த வீடுதான்; சுவர் வழியாக நானே கேட்டிருக்கிறேன்.

அன்று பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுக செத்ததப் பாத்தது யாரு உபதேசியாரே? நீங்க பாத்தீங்களா?"

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை.

"ஏளா, நீ புருசன உசிரோட வச்சிருக்கதா நெனச்சிக்கிட்டிருக்க. அவன் செத்திருந்தா? பதினோரு வருஷமா ஒரு பூச உண்டா, ஒரு செபம் உண்டா? நாதியத்த ஆத்துமா மாதிரி அங்கன கெடந்து வேகுதானே, அது யாரு பாவம்?"

அவள் முகம் அப்படியே நின்றுபோனது. வீட்டைப் பார்த்து நடந்தாள். சொல்லி முடித்த கணமே, சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. என் வீம்பு அப்படி.

அந்த வாரமே சாமியார் என்னைக் கூப்பிட்டு, "காலஞ்சென்ற என்பதை எடுத்துவிடும் உபதேசியாரே. மகள் என்று மட்டும் வாசிப்போம், அதில் பொய் ஒன்றும் இல்லையே" என்றார். இரண்டாம் ஓலை அப்படியே வாசிக்கப்பட்டது. இஞ்ஞாசி ஜெயித்துவிட்டாள். ஆனால் அவள் தலையே நிமிரவில்லை. கிட்டங்கிக்கும் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை என்று என் வீட்டுக்காரி வந்து சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மாலை, மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று போனேன். செபமாலை நடந்துகொண்டிருந்தது. செபம் நடக்கிற வீட்டில் பேச்சு கிடையாது; நானும் வாசலருகே முழந்தாளிட்டேன். மாதா படத்துக்கு முன்னால் தாயும் மகளும்.

கடலுக்குப் போனவர்களுக்கான மந்திரம் வந்தது. இஞ்ஞாசி யார் பெயரையும் சொல்லவில்லை. ஆத்துமாக்களுக்கானது வந்தது. தன் அப்பா பெயர், அம்மா பெயர், மாமியார் பெயர் சொன்னாள். அப்புறம் "பஸ்தியான்" என்றாள். அதோடு மாதா படத்துக்கு முன்னால் குனிந்துவிட்டாள். மெற்றில்டா பரலோக மந்திரத்தை எடுத்து, ஒரே சீராகச் சொல்லி முடித்தாள்.

இஞ்ஞாசி தரையில் அறைந்து அழுதாள். "பதினோரு வருஷம் ஒரு மந்திரத்துக்கு வழியில்லாமக் கெடந்திருக்காகளே! நாந்தான் கெடக்க விட்டேன்!"

"கெடக்கலம்மா," என்றாள் மெற்றில்டா. "நான் சொல்லிக்கிட்டுதான் வாரேன்."

"என்ன சொல்லுத?"

"புதுநன்மை வாங்குன வருஷத்துலருந்து. நீ கடல்ல உள்ளவங்களுக்குச் சொல்லும்போது அப்பாவுக்காவ உங்கூடச் சொல்லுவேன். ஆத்துமாக்களுக்குச் சொல்லும்போது மனசுக்குள்ள இன்னொரு வாட்டி அப்பா பேரச் சொல்லிக்கிடுவேன். ரெண்டுல அப்பாவுக்கு எது வேணுமோ அது போய்ச் சேரட்டும்னு." என் பக்கம் திரும்பினாள். "ஆத்துமாக்களால தங்களுக்குன்னு ஒண்ணும் செஞ்சிக்கிட முடியாது, நாமதான் வேண்டணும்னு ஞானோபதேச வகுப்புல நீங்கதான சொன்னீங்க?"

எனக்கு அது நினைவே இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். முதல் நற்கருணைக்குப் படிக்க வந்த அந்த ஒன்பது வயதுப் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவுக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் செய்திருக்கிறது. வெட்கமாக இருந்தது.

"எங்கிட்ட ஏம்ட்டி சொல்லல?"

"சொன்னா, அப்பா செத்துட்டாகன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்லாம்மா."

இஞ்ஞாசி கையை ஓங்கினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று பதறி எழுந்தேன். அந்தக் கை மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தது. செபம் முடிந்ததும் பிள்ளைகள் தோத்திரம் சொல்ல, பெற்றவர்கள் வரைகிற சிலுவைதான். அன்று மகள் தோத்திரம் சொல்லும் முன்பே வரைந்துவிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்கவிடவில்லை.

"நாளைக்கு ஓலையில அந்த வார்த்தைய எழுதிருங்க உபதேசியாரே. திங்கக்கெழம அவுகளுக்கு ஒரு பூசைக்கும் சாமிகிட்டச் சொல்லிருங்க."

அந்த ஒரு வார்த்தையை எழுத அன்றைக்கு எனக்கு வெகு நேரம் ஆனது.

மறுநாள் சாமியார் வாசித்தார். 'காலஞ்சென்ற' என்றதும் கோயில் முழுக்க மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. இஞ்ஞாசி எழுந்திருக்கவில்லை. கண்கூடக் கலங்கவில்லை. பக்கத்தில் இருந்த மெற்றில்டாதான், கல்யாணப் பெண் என்பதையும் மறந்து, அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.