ஆடி வெள்ளியில் வைத்த பொட்டு

அன்று காலை வில்லாபுரம் கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள்: பந்தல் போடும் நான். என்னிடம் வேலை பார்த்த கூட்டாளி, எனக்கு மாப்ள முறை. ஓவியர் ஒருவர். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி. ஓவியக் கண்காட்சி வைத்த பெண். வேறு யாரும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. எனக்கும் வேலை இல்லை. அந்தப் பெண் மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குப் பிடித்து, படங்களை மாட்ட எங்களைக் கூப்பிட்டாள்.

அவள் வரைகிறவள் இல்லை. புதிதாக வரைகிறவர்களைத் தேடிப்போய்ப் படம் கேட்டு வாங்கி, எதற்குப் பக்கத்தில் எது இருக்கவேண்டும் என்று பார்த்து வைப்பவள்.

"வரையாத ஆளுக்கு இதுல என்னம்மா சோலி?" என்று கூட்டாளி கேட்டான்.

"கல்யாணம் உங்களுக்கா நடக்குது? பந்தல் போடுறீகள்ல அண்ணே, அது மாதிரிதான்" என்றாள்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள டெல்லியில் ஒரு வருஷப் படிப்பு, உதவித்தொகையோடு. அதற்கு ஆள் பார்க்கத்தான் அதிகாரி வந்தார். அடுத்த வருஷம் அவளுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். விட்டால் போச்சு.

வெள்ளிக்கிழமை காலை அவரை அழைத்துவர ரயிலடிக்குப் போனாள். நான் நாற்காலி எடுக்கச் செல்லூர் போனேன். திரும்பி வந்தால், கூட்டாளி குளித்து, திருநீறு பூசி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றான். சுவரில் இருந்த படம் அத்தனைக்கும் சந்தனப் பொட்டு. அதன் நடுவே குங்குமம்.

"என்ன மாப்ள பண்ணி வச்சிருக்க?"

"ஆடி வெள்ளி மச்சான். சட்டம் போட்டுத் தொங்குற படத்தை மொட்டையாவா விடுறது?"

எங்கள் பக்கம் கடையிலும் வீட்டிலும் சாமி படத்துக்கு அப்படித்தான் பொட்டு வைப்போம். அவனுக்குத் தெரிந்தது அது. கண்ணாடி போட்டவற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் கண்ணாடி இல்லை. பெரிய படம், முழுக்க வெள்ளை. துடைத்தால் பரவும். அதைத் தொடவில்லை.

அதை வரைந்தவர் அப்போதுதான் உள்ளே வந்தார். பார்த்தார். நேரே போய்க் கூட்டாளியின் சட்டையைப் பிடித்தார்.

"எவன்டா உன்னையத் தொடச் சொன்னது?"

நான் நடுவில் போய்க் கையை விலக்கினேன். "எல்லாப் படத்தையும் கழட்டு. மத்த படம் வரைஞ்சவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று கத்தினார். அதே நேரம் வாசலில் டாக்சி வந்து நின்றது.

அவளோடு உள்ளே வந்ததும் அதிகாரி அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார். "யார் செஞ்சது?" என்றார்.

கிண்ணம் இன்னும் கூட்டாளி கையில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்தாள்.

"என் பொறுப்பு சார். படத்துமேல எதுவும் படக்கூடாதுன்னு இவுககிட்ட நான் சொல்லல." ஓவியரிடம் திரும்பினாள். "மன்னிச்சிருங்க சார். உங்க படத்தைக் கழட்டணும்னா நானே கழட்டித் தாரேன்."

கழற்றிக் கொடுத்தாள். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

"அந்த இடத்துல வேற படம் மாட்டிருங்களேன்" என்றார் அதிகாரி.

"அது இவரோட இடம் சார்."

அதிகாரி ஓவியரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணை நம்பி இன்னொரு தடவை படம் குடுப்பீங்களா?"

அவள் தலையைக் குனியவில்லை. ஓவியர் படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"அவளுக்குக் குடுப்பேன். அந்தக் கிண்ணத்துக்காரனுக்குக் குடுக்க மாட்டேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. "சரி, மத்த படங்களைக் காட்டும்மா" என்றார்.

புரட்டாசியில் அவள் டெல்லி போனாள்.

தவறு செய்தது என் ஆள். தன் வாய்ப்பே போகிற நேரத்திலும் அவள் அவனைக் கைகாட்டவில்லை. இன்றைக்கும் பந்தல் சாய்ந்தாலும், விளக்கு எரியாவிட்டாலும், ஏச்சு வாங்க முதலில் நான் போய் நிற்கிறேன் என்றால் அந்தக் காலையால்தான். அதற்குப் பிறகு என்னிடம் வேலை பார்த்தவர்கள் முப்பத்து நான்கு பேர். அவர்களில் ஒருவரையும் நான் கைகாட்டியதில்லை.