எல்லாரும் ஒரே மாதிரி எழுதிய தப்பு

பிள்ளைகளா, "அப்பா காலேஜ் படிச்சது ஏணி மேலதான்" என்று நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடும்போது என்னைக் கேலி செய்வீர்கள். அது உண்மைதான். பத்தாவதோடு நின்று வயரிங் வேலைக்கு வந்தவன் நான். காலேஜ் வகுப்புக்குள் நான் போவதெல்லாம் ஃபேன் ஓடாதபோது மட்டும்தான். ஆனால் ஒரு நாள் அந்த ஏணி மேல் நின்று நான் கேட்ட ஒரு பாடத்தை மட்டும் உங்களிடம் முழுசாகச் சொன்னதே இல்லை.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம். நம் புதுச்சேரி டவுனில் ஒரு காலேஜ். ஈரம் இறங்கி ஒரு வகுப்பின் பின்பக்க ஃபேன்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. வேறு அறை காலியில்லை, பாடம் நடக்கும்போதே சத்தம் போடாமல் வேலையை முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஏணியைப் போட்டு ஏறினேன்.

"அண்ணே, சீக்கிரம் அண்ணே. காத்து வந்தாதான் எகனாமிக்ஸ் மண்டையில ஏறும்" என்றான் ஒரு பையன்.

"அண்ணன் ஃபேனைத்தான் சரி பண்ணுவாரு, உன் மண்டையை இல்ல" என்றாள் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

பாடம் எடுக்க வந்தவர் சின்ன வயசு மேடம். நெல்லைப் பக்கத்திலிருந்து அந்த வருஷம்தான் இங்கே வேலைக்கு வந்தவர் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதில் தெரிந்தது. வந்ததும் டெஸ்ட் பேப்பர்களைத் திருப்பிக் கொடுத்தார். வகுப்பு அமைதியாகிவிட்டது.

என் ஏணிக்கு நேர் கீழே இரண்டு பெண்கள். ஒருத்தி தன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே மடித்து வைத்தாள். பிறகு தோழியிடம் மெதுவாகச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"போச்சுடி. இந்தத் தடவையும் ஃபெயிலுன்னா அப்பா நிறுத்திடறேன்னு சொல்லிட்டாரு. தட்டாஞ்சாவடியில கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லுவாரு. நாளையில இருந்து நான் வரல."

"இன்னாடி பேசற, லூசு மாதிரி?"

"எனக்குத்தான் இதெல்லாம் ஏற மாட்டேங்குதே."

எனக்குக் கை நின்றுவிட்டது. தம்பி, உன் அக்காவுக்கும் அப்போது கிட்டத்தட்ட அதே வயசுதான். ஆனால் ஏணி மேல் நிற்கிறவன் என்ன செய்ய முடியும்? மறுபடியும் வயரைப் பிடித்தேன்.

மேடம் ஒரு கேள்வியைப் போர்டில் எழுதினார். பெட்ரோல் விலை ஏறினால் ஜனங்கள் வாங்குவது ரொம்பக் குறையுமா, கொஞ்சம்தான் குறையுமா, காரணம் என்ன? டெஸ்டில் வந்த கேள்வி அது. கொஞ்சம்தான் குறையும் என்பது புத்தகத்துப் பதில் என்று கீழே ஒரு பையன் புத்தகத்தைப் புரட்டி முணுமுணுத்தான். பெட்ரோலுக்குப் பதிலாக வண்டியில் தண்ணீரா ஊற்ற முடியும்? விலை எவ்வளவு ஏறினாலும் போட்டுத்தானே ஆகவேண்டும்.

"முக்கால்வாசிப் பேரு ரொம்பக் குறையும்னு எழுதியிருக்கீங்க" என்றார் மேடம். "எல்லாரும் ஒரே மாதிரி. காப்பி அடிச்சாக்கூட இவ்வளவு ஒத்துமையா அடிக்க முடியாது."

சிரிப்பு. நான் நினைத்தேன், இப்போது சரியான பதிலைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்வார், அடுத்த பாடத்துக்குப் போவார் என்று. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அவரோ சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு இப்ப சரியான பதில் வேணாம். இந்தப் பதிலுக்கு எப்படி வந்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க. மார்க்குக்காகக் கேக்கல. எனக்கு நிஜமாவே தெரியல."

எல்லாரும் தங்கள் பேப்பரையே பார்த்தார்கள். மேடம் சும்மா காத்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் ஸ்க்ரூவைத் திருகக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, "சரி, என்கிட்ட வேணாம். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். உடனே சந்தைக்கடை மாதிரி சத்தம். மேடம் பெஞ்சுகளுக்கு நடுவில் ஒவ்வொரு பேச்சாகக் கேட்டுக்கொண்டு நடந்தார்.

"நீ எங்க ஊரு பங்க்குல வந்து பாருடி" என்று கீழே அந்தப் பெண் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கனகசெட்டிக்குளம் தாண்டினா தமிழ்நாடு. அங்க விலை ஜாஸ்தி. அந்தப் பக்கத்து வண்டியெல்லாம் இங்க வந்துதான் லைன் கட்டி நிக்கும். நம்ம பக்கமும் விலை ஏறிட்டா அவன் எதுக்குடி இவ்வளோ தூரம் வரான்?"

மேடம் அங்கேயே நின்றுவிட்டார். "இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்றியா?"

"வேணாம் மேம். அது தப்புன்னு நீங்கதான் சுழிச்சிட்டீங்களே."

"சுழிச்சதும் நான்தான். இப்ப கேக்கறதும் நான்தான். சொல்லும்மா."

அவள் எழுந்து சொன்னாள். முதலில் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "ஆமா மேம், விலை ஏறினா எங்க மாமா பங்க்குல ஈதான் ஓட்டணும்" என்று ஒரு பையன் நடுவில் கத்தியதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரத்திலிருந்து எல்லாம் வண்டிகள் வருகின்றன என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

மேடம் முகத்தில் ஒரு ஆச்சரியம். "நான் வண்டி ஓட்டறதில்ல. இந்த ஊருக்கும் புதுசு. இது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். பிறகு அவளிடமே கேட்டார், "சரி, இங்க மட்டும் இல்ல, நாடு முழுக்க ஒரே மாதிரி விலை ஏறுது. இப்ப?"

அவள் யோசித்தாள். மேடம் உதவிக்கு வரவில்லை, வேறு யாரையும் கேட்கவும் இல்லை. மேலே என் கையில் வயர் அப்படியே இருந்தது. பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் கொஞ்சம் முன்னால்தான் கேட்டிருந்தேன். ஆனால் அவள் சொல்ல வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"அப்போ... எங்க போனாலும் அதே விலைதானே மேம். அப்போ எல்லாரும் போட்டுத்தான் ஆகணும். கொஞ்சம்தான் குறையும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. வாயில் கை வைத்துக்கொண்டாள். புத்தகத்தில் இருந்த பதிலுக்கு அவள் தன் ஊர் பங்க் வழியாகவே வந்து சேர்ந்திருந்தாள்.

"எந்த இடத்துல விலை ஏறுதுன்னு நான் கேள்வியில எழுதல" என்றார் மேடம். "அது என் குறை. எல்லாரும் பேப்பரைத் திருப்பிக் குடுங்க. இந்தக் கேள்வியை மட்டும் மறுபடியும் பாக்கறேன்."

அவளுக்கு எவ்வளவு மார்க் கூடியது, பாஸ் ஆனாளா என்று எனக்குத் தெரியாது. மணி அடித்தது. மேடம் என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தொந்தரவா போச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வேலையை மறந்து நின்றவனிடம் போய் அப்படிக் கேட்டார்! கீழே அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோழியிடம் கேட்டாள், "நாளைக்கு இந்த மேம் எத்தனாவது பீரியட்டுடி?"

அது காதில் விழுந்த பிறகுதான் எனக்கு வேலை ஓடியது.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மாவிடம் வேலை இருக்கிறது என்று போனில் சொன்னேன். வேலை ஒன்றும் இல்லை. இது அவளுக்கும் இப்போதுதான் தெரியப்போகிறது, நீங்கள் சமாளியுங்கள். ஈ.சி.ஆர். ரோட்டில் நேராகக் கனகசெட்டிக்குளம் போனேன். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் எத்தனையோ தரம் வேலைக்குப் போயிருக்கிறேன், பெட்ரோலும் போட்டிருக்கிறேன், ஏன் இவ்வளவு கூட்டம் என்று ஒரு தரம்கூட யோசித்ததில்லை. அன்று பங்க்குக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு நம்பர் பிளேட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் சொன்னது சரிதான், வரிசையில் பாதி தமிழ்நாட்டு வண்டிகள். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். அதே ரோடு, அதே உப்புக்காற்று. அந்த வண்டிக்காரர்கள் வரும் இடத்தில் நின்றபடியே, ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லும்போது அது எங்கே நின்று அதைப் பார்க்கிறது என்று யாராவது போய் நின்று பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே, அந்தப் பங்க்கை நான் மட்டும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.