கூடு பார்க்காமல் வைத்த பெயர்

அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாகச் சொன்னேன். என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள நண்பரைக் காட்டிக்கொடுத்தேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு இனி வயதில்லை.

1950களின் கடைசியில் விருதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். அவர் ஒரு மிளகாய் மண்டிக்காகக் கிராமம் கிராமமாகப் போய் வத்தல் வாங்குபவர். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். கரிசல் காட்டுப் பொடிக் குருவிகளையெல்லாம் ஊரார் ‘சிட்டு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் நின்று பார்த்து, அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார். மூட்டையின் மேலாக இருக்கும் வத்தலைப் பார்த்துத் தரம் சொல்ல மாட்டார். நடுவில் கைவிட்டு அள்ளிப் பார்ப்பார். குருவியிலும் அப்படித்தான். கூட்டைப் பார்க்காமல் எதற்கும் பெயர் வைக்க மாட்டார்.

சிவகாசி அச்சகம் ஒன்று பள்ளிகளுக்காக ‘நம் காட்டுச் சிறு பறவைகள்’ என்று படத்தாள் போட முன்வந்தது. எட்டுக் கட்டங்கள். அடியில் ‘தொகுத்தவர்’ என்று என் பெயர். ‘வகை பிரித்துப் பெயரிட்டவர்’ என்று அவர் பெயர். அந்த வரி மட்டும் அச்சான மாதிரித் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

ஏழு கட்டம் நிறைந்துவிட்டது. எட்டாவதற்கு, அந்தக் கோடையில் அவரோடு காட்டுக்குப் போனபோது பார்த்த நீண்ட வால் குருவியைச் சொன்னேன்.

“பொறுங்க சார். வாலை நம்பாதீக. நம்ம கதிர்க்குருவியே வெயிலுக்கு வேற வேட்டி கட்டிட்டு வருதோ என்னமோ. ஐப்பசி மழைக்குக் கூடு கட்டும். பாத்துட்டுப் பேர் வைப்போம்.”

“ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குது பாய். அச்சக முதலாளி ஆர்டர் பிடிச்சிட்டார்.”

“அதுக்குக் குருவி என்ன செய்யும்?”

அவர் வெளியூருக்கு லோடோடு போயிருந்த வாரத்தில், ‘நெடுவால் கதிர்க்குருவி’ என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

மழைக்குப் பிறகு, பறவைகளை அறிந்த சென்னைக்காரர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ஆறாவது கட்டத்துக் கதிர்க்குருவியும் எட்டாவது கட்டத்து நெடுவாலும் ஒரே குருவி. கூடு கட்டும் காலத்தில் அதன் வால் குட்டையாகிவிடும் என்று எழுதியிருந்தார். அச்சக முதலாளி அதைத் தலைமை ஆசிரியரின் மேசைமேல் போட்டார்.

“தாளெல்லாம் திரும்பி வருது வாத்தியாரே. எவன் சொன்னது இதை?”

“பாய் சொன்னார். நம்பிட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த பதிப்பில் அவர் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

மண்டியில் அவரை விடவில்லை. “என்ன பாய், ஒரு குருவிய ரெண்டு பேர்ல வித்துட்டீகளாமே! வத்தலும் அப்படித்தானா?” அவருடையது சொல்லை வைத்துப் பிழைக்கும் தொழில். அவர் தலை குனிந்து மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். என்னைக் கேட்க வரவுமில்லை. வழியில் எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி, சலாம் சொல்லிவிட்டு, ஏறிப் போய்விடுவார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்கைந்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு தலைமை ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். பழைய கதையை எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார். மண்டிக்குப் போய், தராசுக்குப் பக்கத்தில் நின்று, கேலி செய்தவர்கள் முன்னாலேயே நடந்ததைச் சொன்னேன். ஒருவர் எழுந்து போனார்; மற்றவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அதே அச்சகத்தில் புதிய தாள் ஒன்று அடித்தேன். ஏழு குருவிகள். எட்டாவது கட்டம் காலி. அடியில் அவர் பெயர் முதலில். அதன் கீழ், முந்தைய பிழை என்னுடையது என்று என் பெயர்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“இதைக் காலியா விட்டது சரி.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“கூடு பாக்காமப் பேர் வைக்காதீகன்னு உங்களுக்குச் சொன்னவன் நான். நானே உங்களுக்குச் சிநேகிதன்னு பேர் வச்சிட்டேன் சார்.”

குரலில் கோபமே இல்லை. சாக்குச் சணல் அறுக்கும் கத்தியை எடுத்து, இரண்டு பெயர்களும் இருந்த அடிப்பகுதியை நேராக வெட்டி என் கையில் கொடுத்தார். குருவிகளை மட்டும் சுவரில் ஆணியடித்து மாட்டினார்.

தேத்தண்ணி வந்தது. குடித்தோம். அதன் பிறகும் அவர் சைக்கிளை விட்டு இறங்கிச் சலாம் சொன்னார். காட்டுக்கு என்னோடு ஒருநாளும் வரவில்லை.