பகலில் போட்ட லைட்

எங்கள் விடுதி அறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருத்தி தூங்கினாலும் லைட் போடக் கூடாது. ஆறு கட்டில், மூன்று ஷிப்ட். எந்த நேரமும் யாராவது தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். ஜன்னலுக்குக் கெட்டியான போர்வையை ஆணியடித்து மாட்டியிருந்தோம். ஒரகடத்து வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்திலும் உள்ளே கட்டிலைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பி.இ. எலெக்ட்ரிக்கல் படித்தவளுக்கு ஒரு சுவிட்சைத் தட்ட உரிமையில்லை என்பது எனக்குப் பெரிய எரிச்சல்.

நான் படிக்க வேண்டியிருந்ததால் சட்டத்தை மீறினேன். எதிர்க்கட்டில் தூத்துக்குடிக்காரிக்கும் எனக்கும் அதில்தான் முட்டிக்கொண்டது. "ஏட்டி, ஒனக்குப் படிப்பு, எங்களுக்கு ஒறக்கம். லைட்ட அணை" என்றாள். "வேணும்னா கண்ண மூடிக்கோ" என்று வாய்க்கொழுப்பாகச் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. குளியலறை வாளி யாரிடம் இருக்கிறது என்பதைக்கூட மூன்றாவது ஆள் மூலம்தான் விசாரித்துக்கொண்டோம்.

செல்போன் கம்பெனி லைனில் ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் துறையில் எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுத்துத் தேர்வில் தேறியதாகத் தகவல் வந்திருந்தது. மிச்சம் நேர்காணல் மட்டும்தான், அதுவும் வீடியோவில். வீட்டில் கெஞ்சி வாங்கிய கடைசி வாய்ப்பு இது. கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, அவர்கள் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

நேர்காணலுக்குத் தனியறை வேண்டும் என்று கேட்டு, வார்டன் அக்காவின் ஆபீஸ் ரூமை முன்கூட்டியே பிடித்து வைத்திருந்தேன். அன்று லேப்டாப்போடு இறங்கிப் போனால், அங்கே டிரங்குப் பெட்டியும் பாயுமாக ஒரு கூட்டம் நிற்கிறது. வேலைக்குச் சேர வந்த புதுப் பெண்களும் அவர்களைக் கொண்டுவிட வந்த அப்பா அம்மாக்களும்.

"அக்கா, எனக்கு இன்டர்வியூ!"

"இன்னா மா பண்ணச் சொல்ற? புது பேட்ச் வந்துகினு கீது. ரூமுக்கே போயி பேசு மா, போ."

மொட்டை மாடிக்கு வைஃபை எட்டாது. ரோட்டோரம் போனால் கன்டெய்னர் லாரி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்காது. வேறு வழியில்லாமல் அறைக்கு ஓடினேன். நைட் ஷிப்ட் முடித்து வந்த நான்கு பேர் இழுத்துப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இயர்போனை மாட்டி, சன்னமாகப் பேசிச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு எப்போதுமே இந்தக் குருட்டு நம்பிக்கை உண்டு.

திரையில் மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவர் முதலில் சொன்னதே, "முகம் தெரியலையேம்மா. லைட் போடுங்க."

எழுந்து போட்டேன். டியூப்லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டு எரிந்தது.

"பின்னாடி யாரு? கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க."

திருப்பினேன். தலை வரை போர்த்திய நான்கு உருவங்கள். நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்றேன். அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர், "அறையில வேற யாரும் இருக்கக் கூடாதும்மா, அதுதான் விதி. அஞ்சு நிமிஷம் தர்றோம். முடியலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றார்.

அந்த விதியை எழுதியவர் மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகை முட்டியது. தனியறை வைத்திருப்பவர்கள் எழுதிய விதி. ஆனால் கோபப்பட நேரமில்லை.

தூத்துக்குடிக்காரி போர்வையை விலக்கிக் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். "இப்பதாம்ட்டி கண்ணு அசந்துச்சு. பகல்லயும் லைட்டா?"

"இன்டர்வியூ. யாரும் இருக்கக் கூடாதுங்கறாங்க." அவள் மாட்டேன் என்று திரும்பிப் படுத்திருந்தால் என்னால் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. கண்ணை மூடிக்கோ என்று சொன்னவள் நான்தானே.

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாரும் எந்திரிங்கட்டி" என்று பக்கத்துக் கட்டிலை உலுக்கினாள். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்கு பேரும் தள்ளாடி வெளியே போனார்கள். கதவை அவள்தான் சாத்தினாள்.

"மூணு ஃபேஸ் மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு. ஒரு ஃபேஸ் கட் ஆயிடுச்சு. என்ன ஆகும்?" என்று நடுவில் இருந்தவர் ஆரம்பித்தார்.

கல்லூரியில் எத்தனையோ தடவை எழுதிய பதில். மண்டை காலியாக இருந்தது. வராந்தாவில் டிரங்குப் பெட்டிகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம். ஒருவர் முகம் சுளித்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திடீரென்று சத்தம் நின்றது.

"ஓடும் சார்" என்றேன். "உடனே நிக்காது. மத்த ரெண்டு ஃபேஸ்லயும் கரன்ட் கூடும். சூடாகும். அப்படியே விட்டா வைண்டிங் கருகிடும்."

"நிக்கிற மோட்டாரை அப்படி ஸ்டார்ட் பண்ணலாமா?"

"முடியாது சார். உறுமிக்கிட்டே நிக்கும்."

அதன் பிறகு கேட்டதில் பாதிக்குப் பதில் தெரிந்தது. தெரியாததைத் தெரியாது என்றேன். முடிவு மெயிலில் வரும் என்று சொல்லிவிட்டுத் திரையை அணைத்தார்கள். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதவைத் திறந்தேன். மூன்று பேர் சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்காரி மட்டும் வராந்தாவுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்ட முடியாமல் புதுப் பெண்கள் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள்.

"முடிஞ்சிட்டா? கெடைச்சிருமா?"

"தெரியல."

"மாதாவே, இவளுக்குக் கெடைச்சிரட்டும். கெடைக்கலன்னா மறுபடியும் லைட்டப் போடுவா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் படுத்தாள்.

முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் விட்டு, கேட்டில் ஒப்படைத்த போனைத் திரும்ப வாங்கியதும் முதலில் மெயிலைத்தான் திறந்தேன். மெயில் வந்த மதியம் அதைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். நம்பாமல் விடுதிப் படிக்கட்டில் நின்று மறுபடியும் படித்தேன். இடம் கிடைத்திருந்தது.

அறைக்குள் நைட் ஷிப்ட்காரிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யோசிக்காமல் லைட்டைப் போட்டேன்.

"எவட்டி அது? அணைட்டி!"

"கெடைச்சிருச்சு" என்றேன்.

தூத்துக்குடிக்காரி எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கி என்னைப் பார்த்தாள். "சரி. அப்ப அணை."

அணைத்தேன். இருட்டில் நின்ற இடத்திலேயே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"அழுறதயாவது வெளிய போயி அழுட்டி, ஆளுவ ஒறங்குதுல்லா" என்றாள். சொல்லிவிட்டு, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளும் என்னோடு வெளியே வந்தாள்.