தொண்டைக்கு வந்து சேர்ந்த குரல்

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தொண்டையில் பூசினால் முதலில் குளிரும், காயக் காயத் தோலைப் பிடித்து இழுக்கும், பிறகு சுள்ளென்று எரியும். தாராவியில் மழை விடாமல் கொட்டிய ஓர் ஆடி மாதம் முழுக்க அம்மா எனக்கு அந்தப் 'பத்து' போட்டாள். என் குரல் உடைந்துகொண்டிருந்தது. அம்மாவோ சளி கட்டிவிட்டது என்று நினைத்தாள்.

முந்தின வருஷம் அக்கா 'பெரிய மனுஷி' ஆனபோது இப்படியா? திருநெல்வேலியிலிருந்து மாமா சீர்வரிசையோடு ரயிலேறி வந்தார், சந்து முழுக்க 'மைக்செட்' அலறியது, உளுந்தங்களி தின்று தின்று அக்கா என்னைவிட ஒரு சாண் உயர்ந்துபோனாள். பையன்களின் உடம்புக்கும் ஒரு காலம் வரும், மீசை அரும்பும், குரல் மாறும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. அப்பா துபாயில் வேலை பார்த்தார்.

வெள்ளிக்கிழமைகளில் சந்துமுனைக் கடைக்கு அவர் போன் செய்வார். அந்த வாரம் அம்மா எச்சரித்தே அனுப்பினாள்: "ஏல, தொண்டை கட்டுனது தெரியாம மெதுவாப் பேசு. அவரு அங்க கெடந்து பயந்துருவாரு." காரணம் இருந்தது. எங்களோடு இருந்த தாத்தா படுக்கையில் விழுந்தபோதும் "சளிதான்" என்றுதான் அப்பாவிடம் சொல்லியிருந்தோம். தாத்தா போய்விட்டார், அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு வீட்டில் யார் இருமினாலும் அவர் பதறுவார்; தாத்தாவைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

பழைய குரலை எப்படியோ இழுத்துப் பிடித்துப் பள்ளிக்கூடம், மழை என்று எல்லாம் சொல்லி முடித்தேன். வைக்கப்போகும் நேரத்தில், "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்கிடுங்க" என்றபோது பிடி நழுவி, கனத்த குரலொன்று அடிவயிற்றிலிருந்து வெளியே வந்துவிட்டது. மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஏல, இன்னொரு மட்டம் சொல்லு."

சொன்னேன்.

"எங்க அய்யா பேசுத மாதிரியே இருக்குல" என்றார் அப்பா. பிறகு அழுதார். அவர் அழுது நான் கேட்டது அன்றுதான். அழுது முடித்து, "அம்மைட்ட சொல்லு, இது சீக்கில்ல. நீ பெரியாளாயிட்ட" என்று சிரித்தார்.

ரிசீவரை வைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முன்னால் இல்லாத ஒரு முட்டு புடைத்திருந்தது. இறந்துபோன தாத்தாவின் குரல், யாரும் கொண்டுவந்து வைக்காமல், எனக்குள் எப்படி வந்தது? பாடப்புத்தகத்தில் காரணம் படித்த பிறகும் அந்தப் பிரமிப்பு எனக்குத் தீரவில்லை.

இன்று அந்தக் கடை இல்லை, போன் வந்ததென்று சந்தில் ஓடும் பிள்ளைகளும் இல்லை. நினைத்த நேரத்தில் முகம் பார்த்தே பேசிக்கொள்கிறார்கள். அப்பாவும் காலமாகிவிட்டார். நாங்கள் மும்பையை ஒட்டிய டோம்பிவிலிக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குக் கடைசிவரை இந்தி தட்டுத்தடுமாறித்தான் வந்தது. போன மாதம் ஆபீஸ் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளறையில் அப்பா யாரிடமோ சரளமாக இந்தியில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எட்டாவது படிக்கும் என் மகன்தான், சிநேகிதனோடு போனில் இருந்தான். கூப்பிட மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று ஒற்றைச் செருப்போடு அங்கேயே நின்றேன்.