இரத்தோட்டையில் ஒரு சனிக்கிழமை: பாதியில் நின்ற வரைபடங்கள்

இரத்தோட்டைக்கு நான் போனது மலை பார்க்க அல்ல. கண்டியில் என்னோடு படித்த ரிஸ்னாவின் இணைய இணைப்பைச் சரிசெய்யத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அலுவலகத்தின் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். ஒரு மாதமாக எதுவும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அவளுடைய உம்மா படுக்கையில் இருப்பதால் கொழும்புக்குப் போயும் தங்க முடியாது.

கண்டியிலிருந்து காலை ஏழு மணி பஸ். மாத்தளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அக்குறணை நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். அங்கிருந்து இரத்தோட்டை பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டுக்கும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய் போதும். வலது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், மலைகள் அந்தப் பக்கம்தான்.

சந்தியில் ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னேன். "கூரையில பெரிய அன்டெனா நட்டிருக்காங்களே, அந்த வீடுதானே மிஸ்? இந்த மலையில சிக்னல் அப்படித்தாங்க," என்றார்.

சிக்னல் நன்றாகவே இருந்தது. அன்டெனா தேவையே இல்லை.

"சின்ன மெசேஜ் எல்லாம் போகுது. பிளான் அனுப்பினா பாதியில நிக்குது," என்றாள் ரிஸ்னா.

"ஃபோன்ல படம் அனுப்பினா?"

"அது போகுது. ஒபிஸுக்கு மட்டும்தான் இப்படி."

முதலில் அவளுடைய கணினியின் வழித்தட அமைப்பை, அதாவது தகவல் எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்ற குறிப்பைப் பார்த்தேன். முன்பு திருத்த வந்த யாரோ, கழற்றி வைத்த பழைய ரவுட்டரின் முகவரியை அதில் அப்படியே விட்டிருந்தார். அழித்தேன். வரைபடம் அப்போதும் பாதியில் நின்றது.

பிறகுதான் பொதியின் அளவைச் சோதித்தேன். இணையத்தில் எதுவும் சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகும். ஒரு பொதிக்கு வழக்கமான உச்ச அளவு 1500 பைட். விபிஎன் ஒவ்வொரு பொதிக்கும் மேலே தன் உறையையும் சுற்றுவதால் அது இன்னும் பருக்கும். அப்படிப் பருத்த பொதிகளை வழியில் ஏதோ ஒரு கருவி சத்தமில்லாமல் கைவிட்டுக்கொண்டிருந்தது. சின்னச் செய்திகள் தப்பிப் போனதற்குக் காரணம் அதுதான். வழியில் உடைக்கக்கூடாது என்ற குறிப்போடு சோதனைப் பொதிகளை விபிஎன் வழியே அனுப்பி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். 1360இல் பதில் வந்தது. விபிஎன்னின் உச்ச அளவை அதற்கு மாற்றினேன்.

வரைபடம் முழுதாகப் போனது. ரிஸ்னா இன்னொன்றை அனுப்பினாள். அதுவும் போனது. உடனே மேலதிகாரிக்கு ஃபோன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"நேத்து பின்னேரம் வேறொருத்தர எடுத்திட்டம் ரிஸ்னா," என்றார் அவர். "ஸொரி. திங்கக்கிழமை ஒப்படைக்கிற வேல, எங்களால காத்திருக்க ஏலாமப் போச்சு."

"பரவாயில்ல மேடம்," என்றாள். கணினியில் விபிஎன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அனுப்பத் தொடங்கியிருந்த மூன்றாவது வரைபடமும் போய் முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து உம்மாவுக்குச் சோறு குழைக்கப் போனாள்.

"நான் முந்தியே வெளிக்கிட்டு வந்திருக்கலாம்," என்றேன், அவள் பின்னால் போய்.

"நீ என்ன செய்வ? நான் உனக்குச் சொன்னதே நேத்து ராவுதானே."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

அவள் சோற்றைக் குழைத்தபடி சொன்னாள்: "எனக்குத்தான் இந்த வேல சரிவரலன்னு நெனச்சிட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் அந்த வார்த்தைதான் கூடவே வந்தது. வேலை போனதைவிட, ஒரு மாதம் முழுக்க அவள் தன்னையே சந்தேகித்திருந்தது எனக்கு வலித்தது.

மலைப்பக்கம் இருந்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிறியவை போய், பெரியவை மட்டும் நின்றால், அன்டெனா வாங்காதீர்கள். சரியான அளவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், விபிஎன்னின் பொதி அளவை முதலில் 1300க்கு இறக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அதிலும் சரிவராவிட்டால், தெரிந்த யாரையாவது அன்றைக்கே கூப்பிடுங்கள்.