அழைத்த பிறகு

1937இல் சவுரியப்பனுக்கு அரூரில் அம்மை குத்தும் வேலை கிடைத்தது. சித்தேரி மலைக்குப் போகவேண்டும் என்றதும் கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முன்பு போனவர் செருப்புக் காலோடு ஊருக்குள் நுழைந்து அதட்டியதில், சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டார்களாம்.

சவுரியப்பன் விடிகாலையில் மலையேறினார். ஊர் எல்லையில் நட்டிருந்த கல்லைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்து ஊர்க்கவுண்டர் மல்லையன் வந்தார்.

"எதுக்குங்க இங்கயே குந்திட்டீங்க?"

"கூப்பிடாம வரலாமுங்களா? பெரியம்மை வராம இருக்க அம்மை குத்த வந்தேனுங்க."

"ஊருல சாமி கும்புடு நடக்குதுங்க. நாளான்னிக்கு வரைக்கும் வெளியாளு உள்ள வரப்படாது."

"அப்ப முடிஞ்சதும் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு சவுரியப்பன் மலையிறங்கினார்.

நான்காம் நாள் மறுபடி ஏறினார். மல்லையனே எதிரே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். வாசலில் பாய் விரித்திருந்தது. பெண்கள் தயங்கித் தள்ளி நின்றார்கள். சவுரியப்பன் யாரையும் வற்புறுத்தவில்லை. தன் கையில் அம்மை குத்திய பழைய தழும்பை மட்டும் காட்டினார்.

செல்லி என்ற இளம் தாய் முன்னால் வந்தாள்.

"மொதல்ல எனக்குக் குத்துங்க. வலிச்சாப் புள்ளைக்கு வேண்டாமுங்க."

குத்தி முடித்ததும், "எறும்பு கடிச்சாப்புலதான் இருக்குது" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தாள். அதற்குப்பின் யாரும் தயங்கவில்லை.

மதியம் மல்லையன் வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டார்கள். சவுரியப்பன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆறு வருடம் கழித்து சேலத்துக்கு மாற்றல் வந்தது. மலையை விட்டுப் போக மனமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, அரூரிலேயே இருந்துவிட்டார்.